அசோகனின் குமாரர்கள்

சென்னையில் நூறடிச் சாலை வழியே செல்வோர் அனைவரும் அறிந்த அடையாளம் அசோகத் தூண். 1964-ஆம் ஆண்டு குடியிருப்பாக உருப்பெற்ற அசோக் நகருக்குப் பெயர் தந்தது, நான்கு சிங்கங்களைத் தலையில் தாங்கி நிற்கும் அத்தூணே. அதே ஊரில் 1983 முதல் பல்லாயிரம் மக்களை மகிழ்வித்துவந்த உதயம் திரையரங்கம் 2024-இல் மூடப்பட்டது. அறம் உரைத்த பேரரசனின் நினைவுத் தூணும், மாலைதோறும் மக்கள் கூடிக் களித்த கொட்டகையும் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் ஒரே ஊரில் நின்றன. இந்த அண்மை நமக்கு ஒரு கேள்வியை எழுப்புகிறது. அசோகன் என்னும் பெயர் திரைக்கும் ஆடுகளத்திற்கும் எவ்வாறு வந்தது? வந்தபின், அதைச் சுமந்தவர்களுக்கு அப்பெயர் செய்தது யாது?

ஒரே பெயருடைய புகழாளர்களை வரிசையாக அடுக்கிக் காட்டுவது வார இதழ்களுக்கும் வினாடி வினா நூல்களுக்கும் பழகிப்போன வேலை. இந்தி நடிகர் அசோக்குமார், தமிழ் நடிகர் எஸ். ஏ. அசோகன், கிரிக்கெட் வீரர் அசோக் மன்கட், ஹாக்கி வீரர் அசோக்குமார், டென்னிஸ் வீரராயிருந்து திரைப்படத் தயாரிப்பாளரான அசோக் அமிர்தராஜ் என்று எழுதிவிட்டால் பட்டியல் முடிந்துவிடும். படிப்பவரும் ஒரு கணம் வியந்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவார். ஆனால் இப்பெயர்களைச் சற்று நின்று நோக்கினால் வியப்புக்கு அப்பாலும் ஒன்று தென்படுகிறது. இவர்களுள் ஆடுகளத்தில் நின்ற மூவரும் ஒரு தந்தையின் அல்லது தமையனின் நிழலில் வைத்து அளக்கப்பட்டவர்கள். திரையில் நின்ற இருவரோ பிறர் இட்ட பெயருக்குள் தம் வாழ்வை நிரப்ப வேண்டியிருந்தவர்கள். இவர்களை அளக்க நாம் எடுத்த அளவுகோல் நேர்மையானதுதானா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வழக்கு.

பெயரும் பேரரசனும்

அசோகம் என்பதற்குத் துயரின்மை என்று பொருள். ஆயினும் நம் இலக்கிய நினைவில் அச்சொல் துயரின் அருகிலேயே வழங்கிவருகிறது. சீதை கண்ணீர் வடித்த இடத்திற்கு அசோகவனம் என்று பெயர். துயரற்றவன் என்று பெயர் பெற்ற மன்னனோ, வரலாற்றில் தன் துயரத்தைக் கல்லில் வெட்டி வைத்த அரிய அரசன். கலிங்கப் போரில் 1,00,000 பேர் மாண்டனர், 1,50,000 பேர் நாடு கடத்தப்பட்டனர் என்று கணக்கிட்டுச் சொல்லி, அதற்காகத் தான் வருந்துவதாகப் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில் அவன் அறிவிக்கிறான். வென்ற மன்னர் வெற்றியைப் பாடச் சொல்வதே உலக வழக்கம். இவனோ வென்ற களத்தைக் கண்டு நாணினான். இனி அறத்தால் வெல்வதே வெற்றி என்றான்.

இம்மன்னனின் கல்வெட்டுகள் பெரும்பாலும் அவனைத் தேவர்களுக்கு உகந்தவன் என்றும் பியதசி என்றுமே குறிக்கின்றன. அசோகன் என்ற பெயர் மஸ்கி போன்ற மிகச் சில இடங்களில்தான் கிடைத்துள்ளது. அதாவது அவன் தன் பெயரைப் பரப்பவில்லை. தன் சொல்லையே பரப்பினான். மற்றுமொரு செய்தியையும் இங்கே குறிப்பிட வேண்டும். முதலாம் பாறைக் கல்வெட்டில் கேளிக்கைக் கூட்டங்களை அவன் கடிந்துரைக்கிறான்; அவற்றில் தீமை மிகுதி என்கிறான்; எனினும் சில கூட்டங்கள் நல்லவை என்றும் இடம் விடுகிறான். கூட்டத்தின் ஆரவாரத்தை ஐயுற்ற மன்னனின் பெயர், ஆரவாரத்தாலேயே வாழும் திரைக்கும் ஆடுகளத்திற்கும் வந்து சேர்ந்தது காலத்தின் விந்தை. விடுதலை பெற்ற நாடு அவன் சக்கரத்தைக் கொடியிலும் அவன் சிங்கங்களை முத்திரையிலும் ஏற்றுக்கொண்டது. 1948-இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் நிறுவனத்திற்கு அதன் நிறுவனர் இரகுநந்தன் சரண் தம் மகன் அசோக்கின் பெயரையே சூட்டினார். பின்னாளில் அது அசோக் லேலண்டு ஆயிற்று. பேருந்தின் நெற்றியில் நாம் காணும் அப்பெயரும் ஒரு தந்தை தன் மகனை எண்ணி இட்டதே.

குமாரன் கதை

தமிழ்த்திரை இப்பெயரைப் பெரிதாய்ப் பேசியது 1941-இல். ராஜா சந்திரசேகர் இயக்கத்தில் வெளிவந்த 'அசோக்குமார்' படத்தில் சித்தூர் வி. நாகையா பேரரசனாகவும், எம். கே. தியாகராஜ பாகவதர் அவன் மகன் குணாளனாகவும், பி. கண்ணாம்பா இளைய அரசி திஷ்யரட்சிதையாகவும் நடித்தனர். பின்னாளில் தமிழகத்தை ஆண்ட எம்.ஜி.ஆர். அதில் ஒரு சிறு வேடம் ஏற்றிருந்தார். மாற்றாந்தாயின் முறையற்ற விருப்பத்திற்கு இணங்காத இளவரசன், அவளுடைய பழிக்கு ஆளாகிக் கண்களை இழந்து வீதியில் பாடித் திரியும் கதை அது. பௌத்த மரபில் வழங்கிய குணாளன் கதையே அதற்கு மூலம்.

படத்தின் தலைப்பை நாம் ஓர் ஆளின் பெயராகவே வாசித்துப் பழகிவிட்டோம். ஆனால் கதையில் அசோக்குமார் என்று எவரும் இல்லை. அசோகனுடைய குமாரன் என்பதே அதன் பொருள். மகனுக்கென்று குணாளன் என்னும் அழகிய பெயர் இருந்தும், தலைப்பில் அவன் தந்தையைக் கொண்டே அறியப்படுகிறான். உலகிற்கு அறம் உரைத்த மன்னன் தன் இல்லத்தில் மகனின் அறத்தைக் காணத் தவறினான் என்பதே அக்கதையின் நெஞ்சு. கண்ணிழந்தவன் மகன், காணாதவன் தந்தை. பாகவதரின் பாட்டில் மயங்கிய நம் முன்னோர் இந்தக் கூர்மையை எவ்வளவு உணர்ந்தனரோ அறியோம். இன்று மீண்டும் எண்ணிப் பார்க்கையில், அப்படத்தின் நிலைத்த மதிப்பு இங்கேதான் உள்ளது எனக் கருதுகிறோம். பின்வந்த அசோக்குகளின் வாழ்வைப் படிக்க இத்தலைப்பே நமக்குத் திறவுகோலாகிறது.

திரை இட்ட பெயர்

பாகல்பூரில் 1911-இல் பிறந்த குமுத்லால் கங்குலி, சட்டம் பயின்று வழக்கறிஞராக வேண்டியவர். பம்பாய் டாக்கீஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிக்கொண்டிருந்த அவரை, 1936-இல் 'ஜீவன் நையா' படத்தின் நாயகன் இடம் காலியானபோது ஹிமான்சு ராய் கேமராவின் முன் நிறுத்தினார். பெயரும் அசோக்குமார் ஆயிற்று. விரும்பாமல் ஏற்ற வேடமே வாழ்க்கையாகி, 1943-இல் வந்த 'கிஸ்மத்' கல்கத்தாவின் ஒரே அரங்கில் மூன்றாண்டுகளுக்கு மேல் ஓடியது. நாடகமேடையின் உரத்த பேச்சு திரையை ஆண்ட காலத்தில், வீட்டில் பேசுவதைப் போல் இயல்பாகப் பேசி நடித்தது அவர் தந்த கொடை. 1988-ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது அவரைச் சேர்ந்தது. அவர் அடியொற்றித் திரைக்கு வந்த தம்பி கிஷோர்குமார், பாடகராக அண்ணனினும் பெரும்புகழ் எய்தினார். அந்தத் தம்பி 1987 அக்டோபர் 13 அன்று மறைந்தார். அது அண்ணனின் பிறந்த நாள். அதன்பின் அசோக்குமார் தம் பிறந்த நாளைக் கொண்டாடவில்லை. துயரின்மை என்ற பெயரைத் திரையுலகம் தர இயலும். துயரின்மையைத் தர எவரால் இயலும்?

நமக்கு மிக அணுக்கமான எடுத்துக்காட்டு எஸ். ஏ. அசோகன். திருச்சியில் 1931-இல் பிறந்து, புனித வளனார் கல்லூரியில் பட்டம் பெற்ற அவருடைய பெயர் அந்தோணி. திரை அவரை அசோகன் ஆக்கிற்று. தமிழ்க் கத்தோலிக்க இல்லங்களில் திருமுழுக்குப் பெயர் ஒன்றும் வழங்கு பெயர் ஒன்றுமாக இரண்டு பெயர்கள் இருப்பது புதிதன்று. முதற்பெயர் ஒரு புனிதரைப் பாதுகாவலராகப் பெற்றுத் தருகிறது. இரண்டாவது ஊரோடு உறவாட உதவுகிறது. அந்தோணியின் இரண்டாம் பெயர் அவர் முகத்தையே மாற்றிவிட்டது எனலாம். ஏனெனில் அசோகன் என்றதும் தமிழர் நினைவில் எழுவது, பல்லைக் கடித்துச் சொற்களை இழுத்துப் பேசி இறுதியில் எம்.ஜி.ஆரிடம் அடிபட்டு வீழும் ஒரு வில்லனே. பல்குரல் கலைஞர்கள் அரை நூற்றாண்டாக அந்த ஒரு குரலையே திரும்பத் திரும்பப் படைத்து, மற்றவற்றை மறக்கச் செய்துவிட்டனர்.

இம்மதிப்பீடு குறையுடையது என்பதே நம் துணிபு. அசோக் நகர் தோன்றிய அதே 1964-இல் வந்த 'கர்ணன்' படத்தை மீண்டும் பாருங்கள். துரியோதனனாக அசோகன் தோன்றுகிறார். மனைவி பானுமதியும் நண்பன் கர்ணனும் ஆடிக்கொண்டிருந்த இடத்தில் மணிகள் சிதறிக் கிடக்க, உள்ளே வரும் மன்னன் ஐயத்தின் நிழல்கூட இன்றிப் பேசும் காட்சி அது. சிவாஜி கணேசனும் சாவித்திரியும் எதிரே நிற்க, அக்காட்சியின் அறம் முழுவதும் அசோகனின் முகத்தைச் சார்ந்தே நிற்கிறது. அவர் கண்ணில் ஒரு துளி சந்தேகம் தெரிந்திருப்பினும் காட்சி சிதைந்திருக்கும். தெரியவில்லை. தீயவன் என்று உலகம் தீர்ப்பிட்ட ஒருவனுக்குள் நட்பின் தூய்மை இருப்பதை அன்று காட்டியவர் அவரே. 1968-இல் வந்த 'உயர்ந்த மனிதன்' படத்தில் மருத்துவர் கோபாலாக வந்து, செல்வந்த நண்பனின் மனச்சான்றாய் நின்றதும் அவரே. 1969-இல் 'அடிமைப்பெண்' படத்தில் ஒற்றைக்காலுடன் வலைமேல் நின்று போரிடும் மன்னனிடத்தில், எதிரியும் தன் காலொன்றைக் கட்டிக்கொண்டு சமமாய் மோத வேண்டிய ஒரு கம்பீரம் இருக்கிறது.

எம்.ஜி.ஆர். படங்களில் வில்லனாக நடிப்பதென்பது தோற்பதற்கென்றே அமர்த்தப்படுவதாகும். முடிவு படத்தொடக்கத்திலேயே அனைவருக்கும் தெரியும். அந்நிலையில் தோல்விக்கு ஓர் உருவம் தருவதே நடிகனின் பணி. நாயகனின் வெற்றி மெய்யென்று தோன்ற வேண்டுமானால் வீழ்பவன் மெய்யாகவே வலியவனாய் இருந்தாக வேண்டும். நாயகர் பெற்ற கைத்தட்டலில் ஒரு பங்கு வில்லனாய் நின்றவர்க்கும் உரியது. ஆனால் அதனை எவரும் அவர்க்கு அளந்து கொடுப்பதில்லை. 1982-இல் அவர் மறைந்தார். அவர் மகன் வின்சென்ட் அசோகனும் நடிகரானார். புனிதர் வின்சென்ட்டின் பெயரோடு தந்தையின் திரைப்பெயர் இணைந்து நிற்பதைக் காணுங்கள். திரை இரவல் தந்த பெயர், ஒரு தலைமுறைக்குள் குடும்பச் சொத்தாகிவிட்டது.

களத்தில் மூவர்

ஆடுகளத்தின் அசோக்குகளுக்கு அப்பெயர் பிறப்பிலேயே வந்தது. அதனுடன் வேறொரு சுமையும் வந்தது.

வினு மன்கட்டைச் சென்னை மறக்காது. 1952-இல் சேப்பாக்கத்தில் 12 விக்கெட்டுகளை வீழ்த்தி, இந்தியாவுக்கு முதல் டெஸ்ட் வெற்றியைத் தேடித் தந்தவர் அவர். 1956-இல் இதே நகரின் மாநகராட்சி விளையாட்டரங்கில் பங்கஜ் ராயுடன் தொடக்க இணையாக 413 ஓட்டங்கள் குவித்தார். தாமே 231 எடுத்தார். அச்சாதனை 2008 வரை நின்றது. அவர் மகன் அசோக் மன்கட் 22 டெஸ்டுகளில் 991 ஓட்டங்கள் எடுத்தார். மிகையான எண்ணிக்கை 97. டெஸ்டில் ஆயிரமும் இல்லை, சதமும் இல்லை. இரண்டிற்கும் ஒரு மூச்சுத் தொலைவு. தந்தையின் 413-க்கு அருகே வைத்தால் 97 சிறுத்துத்தான் போகும். ஆனால் முதல்தரப் போட்டிகளில் அவர் 31 சதங்கள் அடித்துள்ளார். சராசரி 50-க்கும் மேல். நாள்தோறும் களமிறங்கி ஆடிய அந்த நீண்ட உழைப்பை நாம் எண்ணவில்லை. மூன்று ஓட்டக் குறையையே எண்ணினோம்.

தியான்சந்த் 1928, 1932, 1936 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் தங்கம் வென்றவர். ஹாக்கி புகழ் தருமேயன்றி வாழ்வு தராது என்பதைத் தம் வாழ்வில் கண்ட அவர், மக்கள் அதில் இறங்குவதை விரும்பவில்லை என்று மகன் அசோக்குமாரே கூறியிருக்கிறார். மகன் இறங்கினார். 1971 உலகக் கோப்பையில் வெண்கலம், 1973-இல் வெள்ளி, 1975-இல் கோலாலம்பூரில் தங்கம் என மூன்று அணிகளிலும் அவர் இருந்தார். அந்த இறுதியாட்டத்தில் பாகிஸ்தானை இந்தியா 2-1 என வென்றது. வெற்றிக் கோலை அடித்தவர் அசோக்குமார். பந்து கம்பத்தின் மூலையில் பட்டு வெளியே தெறித்ததால் கோல் இல்லை என்று எதிரணி வாதிட்டது. நடுவர் கோல் என்றார். சென்னை வீரர் வி. ஜே. பிலிப்ஸ் இடம்பெற்ற அணி அது. 2023 வரை நடந்த ஆடவர் உலகக் கோப்பைகளில் இந்தியா வென்றது அந்த ஒன்றே. உலகக் கோப்பைப் போட்டியே 1971-இல்தான் தொடங்கிற்று என்பதால், தந்தையின் கைக்கு எட்டாத ஒன்றை மகன் வென்றார். இருந்தும் இன்றளவும் அவரைப் பற்றிய செய்தி தியான்சந்தின் மகன் என்றே தொடங்குகிறது. 1941-இன் படத்தலைப்பு இவருக்கு எவ்வளவு பொருந்துகிறது!

மூன்றாமவர் நம் நகரத்தவர். இராபர்ட், மார்கரெட் அமிர்தராஜ் தம்பதியர் தம் மூன்று மக்களுக்கும் ஆனந்த், விஜய், அசோக் என்று பெயரிட்டனர். மகிழ்ச்சி, வெற்றி, துயரின்மை! ஒரு கத்தோலிக்கக் குடும்பம் தன் மக்களுக்காக வேண்டிய வரங்கள் மூன்றும் பெயர்களாயின. அட்டைப்பெட்டித் தொழில் நடத்திக்கொண்டே மக்களைக் களத்திற்கு அழைத்துச் சென்ற அத்தாயின் உழைப்பு சென்னை அறிந்தது. மூத்தவர் இருவரும் உலகப் புகழ் பெற்றனர். இளையவர் அசோக் 1974-இல் விம்பிள்டன் சிறுவர் இறுதியாட்டத்தில் அமெரிக்காவின் பில்லி மார்ட்டினிடம் தோற்றார். தமையன்மாரின் உயரத்தைத் தாம் எட்ட இயலாது என்பதை உணர்ந்தவரைப் போல் அவர் களத்தையே மாற்றிக்கொண்டார். ஹாலிவுட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தயாரித்த அவர், 1998-இல் ஷங்கர் இயக்கிய 'ஜீன்ஸ்' படத்தின் தயாரிப்பாளர்களுள் ஒருவராகத் தமிழுக்கும் வந்தார். அப்படத்தின் கதையைச் சற்று எண்ணுங்கள். உருவத்தில் வேறுபாடற்ற இரட்டைச் சகோதரர்கள். தம் பழைய மனக்காயத்தால் இருவருக்கும் இரட்டைப் பெண்களையே மணமுடிக்க வேண்டும் என்று அடம்பிடிக்கும் தந்தை. ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையின் நகலாகக் காணும் பெரியவரின் கண்ணே அங்கே சிக்கலுக்கு வித்து. பகட்டான பாடல் காட்சிகளின் கீழ் அந்த உண்மை புதைந்துபோனது அப்படத்தின் குறை. ஆயினும் அங்கே அது இருக்கத்தான் செய்கிறது.

அளவுகோல்

மூவரையும் ஒருசேர நோக்கினால், நாம் கையாளும் அளவுகோலின் கோணல் விளங்கும். மகன் செய்ததைத் தந்தை செய்ததால் வகுத்து வரும் ஈவையே மதிப்பு என்கிறோம். அந்தக் கணக்கில் அசோக் மன்கட் பின்னம் ஆகிறார். அசோக்குமார் பின்னொட்டு ஆகிறார். அசோக் அமிர்தராஜ் மூன்றாமவர் ஆகிறார். ஒப்பிடுதல் திறனாய்வுக்கு ஒரு கருவிதான், மறுக்கவில்லை. ஆயினும் ஆடியவன் எந்தப் பந்தை எதிர்கொண்டான், எக்காலத்தில் நின்றான் என்பதைக் கேளாமல் குடும்பப் பெயரை மட்டும் கொண்டு செய்யும் ஒப்பீடு திறனாய்வு ஆகாது. அது வெறும் வம்சாவளி. நடிகர்களிடத்திலும் இதே பிழையைச் செய்கிறோம். அசோகனை அவர் ஏற்ற வேடங்களால் அளக்காமல், அவரைப் போலி செய்தவர்களைக் கொண்டு அளக்கிறோம்.

வெற்றி என்பதையே நாம் குறுக்கிப் புரிந்துகொண்டிருப்பது இதற்கு அடிப்படைக் காரணம் எனத் தோன்றுகிறது. இளையவர் அசோக் விம்பிள்டனில் தோற்ற அதே 1974-இல், அவர் தமையன்மார் ஆடிய இந்திய அணி டேவிஸ் கோப்பை இறுதியாட்டத்தை எட்டியது. எதிரணி தென்னாப்பிரிக்கா. நிறவெறி ஆட்சியைக் கண்டித்து இந்தியா ஆட மறுத்தது. கோப்பை ஆடாமலேயே தென்னாப்பிரிக்காவுக்குப் போயிற்று. பதிவேட்டில் அது தோல்வி. வாழ்வின் உச்ச வாய்ப்பு கைநழுவியதில் ஆட்டக்காரர்க்கு வலி இருந்திருக்கும். அதை எளிதாக எண்ணலாகாது. ஆனால் அறத்தால் வெல்வதே வெற்றி என்று பாறையில் எழுதிய மன்னனின் முத்திரையைத் தாங்கிய நாடு, அம்முத்திரைக்கு உண்மையாய் நடந்த நாள்களுள் அதுவும் ஒன்று. அந்த ஆண்டு விஜய் என்ற பெயருடையவருக்கும் அந்தக் கோப்பை கிட்டவில்லை. பெயர்கள் வாக்குறுதிகள் அல்ல. அவை வேண்டுதல்கள் மட்டுமே.

இன்றும் இப்பெயர் திரையில் வாழ்கிறது. 2023-இல் வெளிவந்த 'போர் தொழில்' படத்தில் அசோக் செல்வன், அச்சமுடைய ஓர் இளங்காவல் அதிகாரியாக வருகிறார். அனுபவம் முதிர்ந்த மேலதிகாரியின் கீழ் பயிலும் அவ்விளைஞன் அவரைப் போல ஆவதில்லை. தன் அச்சத்தை ஒளிக்காமலே தன் வழியில் வளர்கிறான். மூத்தவர்க்கும் இளையவர்க்கும் இடையே இருக்க வேண்டிய உறவை அப்படம் நன்றாகவே சொல்லியிருக்கிறது.

நம் இல்லங்களிலும் பிள்ளைகளுக்குப் புனிதர் பெயரோ, அரசர் பெயரோ, மறைந்த பாட்டனார் பெயரோ இடுகிறோம். நல்ல வழக்கமே. ஆயின் தேர்வு முடிவு வரும் நாளில், திருமணப் பேச்சு எழும் நாளில், அண்ணனைப் பார், அப்பாவைப் பார் என்று அதே பிள்ளையை மற்றொருவரின் முன் நிறுத்தி அளக்கிறோம். பெயரிட்ட அன்றே நம் உரிமை முடிந்தது. அதற்குப் பொருள் தருவது பிள்ளையின் பணி. அப்பொருள் நாம் எண்ணியதினின்று வேறாயிருக்கலாம். 97-இல் ஆட்டமிழந்து திரும்பும் மகனைப் பார்த்து, மூன்று ஓட்டங்களைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் உணவு பரிமாறத் தெரிந்த பெற்றோர் எத்தனை பேர் நம்மிடையே உள்ளனர்?